மலையில் இருந்து இறங்குவதற்கும் ரிக்கற் எடுக்கிறார்கள், மச்சான்

மச்சான்,

நீ அனுப்பின குரல் பதிவை ரெஸ்ரோறண்ட் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன். நானும் பதிலைக் கதைத்தே அனுப்பியிருக்கலாம், ஆனால் உனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று உன் மனிசி போன கிழமை போனில் சொன்னா. இன்றைக்குத் திங்கட்கிழமை, எனக்கு லீவு. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மகனுடைய படத்தைப் பார்த்துவிட்டு "என்னடா, மோட்டச் சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டானோ" என்று கேட்டிருந்தாய். இல்லையடா, அது மிதிக்கிற சைக்கிள்தான், மலையில் இருந்து கீழே இறக்கி ஓடுகிற மலைச் சைக்கிள். முகத்தையும் மூடுகிற ஹெல்மெற்றையும் முழங்கால் கவசத்தையும் பார்த்து நீ ஏமாந்துவிட்டாய். முன்னுக்கும் பின்னுக்கும் சொக் அப்சோபர் பூட்டியிருக்கிறது, 20 சென்ரிமீற்றர் வரைக்கும் அமுங்கும். விலையைச் சொன்னால் நீ என்னைப் பைத்தியம் என்பாய், அதனால் சொல்ல மாட்டேன். பாவித்ததுதான் வாங்கினோம், அதற்கே வீட்டில் இரண்டு நாள் கதை பேச்சு இல்லை.

சுவிஸில் நாங்கள் இருக்கிற கூர் நகரத்தில் மஞ்சள் பஸ் ஏறினால், மலையைச் சுற்றிச் சுற்றிப் போய் முக்கால் மணித்தியாலத்துக்குள் லென்சர்ஹைடே வந்துவிடும். கிட்டத்தட்ட 1475 மீற்றர் உயரத்தில் இருக்கிற பள்ளத்தாக்கு, நடுவில் ஹைட்சே என்று ஒரு ஏரி, கிழக்குப் பக்கத்தில் 2865 மீற்றர் உயரத்தில் றொத்ஹோர்ன் மலை. மாரியில் முழுக்கப் பனிச்சறுக்குக்காரர்தான். அவர்களை மேலே கொண்டுபோகிற, கம்பியில் தொங்கிப் போகிற பெட்டிதான் கொண்டோலா. கோடையில் அதே கொண்டோலாவில் சைக்கிளை ஏற்றுகிறார்கள். ஏரிக்கரைப் பக்கத்தில் ஏறி ஷார்மொயின் என்ற இடைத் தரிப்பில் இறங்கினால் 1900 மீற்றர். அங்கிருந்து காட்டுக்குள்ளால் கீழே வர வேண்டும், வந்ததும் திரும்ப ஏற வேண்டும். பின்னேரம் வரைக்கும் இதுதான் வேலை.

முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேலே போகிறதுக்கு லிப்ற், கீழே வருகிறதுக்குச் சும்மா உருண்டு வருகிறது, இதற்கு ஒரு நாள் ரிக்கற். நீயும் நானும் சைக்கிளை எதற்கு வைத்திருந்தோம்? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் விறகு, அரிசி மூட்டை, ஆசுபத்திரிக்குப் போகிற ஆள் எல்லாம் கரியரில்தான் போனது. இரவில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி நீ பெடலை மிதிக்க, நான் டைனமோ வயரை ரேடியோவில் பிடித்துக்கொண்டு பிபிசி தமிழோசை கேட்டது நினைவிருக்குதோ? நீ களைத்தால் செய்தியும் களைத்துப்போய் இழுக்கும். அப்படிப்பட்ட எனக்கு, பாரம் இல்லாத சைக்கிளை மலையில் இருந்து உருட்டுகிறதுக்குக் காசு கட்டுகிறது என்றால் எப்படி இருக்கும்! அதுவும் எங்கள் ஊரில் மதகடியில் இருக்கிற ஏற்றத்தைத்தான் நாங்கள் மலை என்று சொன்னோம்.

2018 செப்ரெம்பரில் மலைச் சைக்கிள் உலகச் சம்பியன்ஷிப் லென்சர்ஹைடேயில் நடந்தது. மகன் அப்போது சின்னப் பெடியன், அரியண்டம் தாங்க முடியாமல் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்ட்ரெயிட்லைன் என்று ஒரு கறுப்புப் பாதை, ஆகக் கஷ்டமானது, கீழே இறங்குகிற பந்தயம் அதில்தான். காட்டுக்குள் வேர், பாறை, செங்குத்து, நான் பிடித்துப் பிடித்து நடந்து இறங்கின இடத்தை அவன்கள் கண் மூடித் திறக்கிறதுக்குள் தாண்டிப் போகிறான்கள். ஆண்களில் வென்றவனுக்கு மேலே இருந்து அடி வரைக்கும் 3 நிமிடம்கூட ஆகவில்லை. ஆண்களில் பிரான்சின் லொயிக் புருனியும் பெண்களில் பிரித்தானியாவின் ரேச்சல் அதர்ட்டனும் வென்றார்கள். ஆனால் சனம் உண்மையில் குலுங்கினது மற்றப் பந்தயத்துக்கு, ஏறி இறங்கிச் சுற்றி ஓடுகிற குறொஸ் கன்றிக்கு. நினோ ஷூர்ட்டர் இந்த மாநிலத்துப் பெடியன், 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தவன், சொந்த இடத்தில் வென்றபோது மாட்டு மணிச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. திரும்பி வருகிற பஸ்ஸில் மகன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, காசு போகப்போகிறது என்று.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன ஆடியில் நானும் ஓடினேன். சிரிக்காதே. அவனே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துத் தந்து, நீல நிறப் பாதையில் கொண்டுபோய் விட்டான். நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு தெரிந்தவனுக்கு. இந்த நீலத்துக்கு ஃப்ளோலைன் என்று பெயர். பெரிய கல், வேர் இல்லாமல் மண்ணைச் சீராக வெட்டி, வளைவுகளின் வெளிப்பக்கத்தைக் கிண்ணத்து விளிம்பு மாதிரி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மகன் சொன்னது இவ்வளவுதான்: சீற்றில் இருக்காதே, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், பிறேக்கில் ஒரு விரல் போதும், முன் சில்லைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார். கடைசிச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது மச்சான். பயத்தில் சில்லைப் பார்த்தால் சைக்கிள் நேரே வெளியே போகிறது, தலையைத் திருப்பித் தூரத்தைப் பார்த்தால் அது தானாகவே வளைகிறது. நான் வளைவுக்குள் போய்ப் பிறேக்கை இறுக்கினேன், பின் சில்லு சறுக்கினது, "அப்பா, வளைவுக்கு முதலே பிடியுங்கோ" என்று பின்னால் இருந்து கத்துகிறான். இரண்டாம் முறை இறங்கி முடிய என் முன்கை இரண்டும் கட்டையாகிவிட்டது, தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் பெடியனிடம் நீட்டினேன்.

விழுந்தேனா என்று கேட்பாய். விழுந்தேன். வேகமாகப் போய் விழுந்திருந்தால் ஒரு மதிப்பு இருந்திருக்கும். கொண்டோலாப் பக்கம் சும்மா நடை வேகத்தில் போகும்போது ஈர வேர் ஒன்றில் முன் சில்லைச் சரிவாக ஏற்றிவிட்டேன். ஈர வேர் சவர்க்காரம் மாதிரி. முழங்கால் கவசம் காப்பாற்றினது, மணிக்கட்டு மட்டும் ஒரு கிழமை வீங்கிக் கிடந்தது. மனிசிக்குக் குசினியில் சறுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன், நீ வாயைத் திறந்துவிடாதே.

அன்றைக்கு மத்தியானம் இடி மின்னல் என்று லிப்ற்றை நிறுத்திவிட்டார்கள். மழை விட்டதும் பாதை ஓரமாக நடந்து இறங்கினோம். ஒரு வளைவில் வயதான ஆள் ஒருவர் மண்வெட்டியோடு நிற்கிறார். அந்த இடத்தில் நிலம் கூரைத் தகரம் மாதிரி அலை அலையாக இருந்தது. எல்லாரும் வளைவுக்கு முன் அதே இடத்தில் பிறேக் பிடிக்கிறதால் மண் அப்படிக் குவிந்துவிடுமாம். அதைச் செதுக்கி, அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த டொச்சில், அதுதான் ஜேர்மன் பாஷையில், கதை கொடுத்தேன். சைக்கிளால் வருகிற பழுது சின்னப் பழுது, தண்ணீர்தான் எதிரி என்றார். மலையில் நேரே கீழ்நோக்கிப் பாதை வெட்டினால் ஒரு மழைக்கே அது வாய்க்கால் ஆகிவிடும், அதனால் சரிவுக்குக் குறுக்கே சாய்த்து வெட்டி, இடைக்கிடை ஒரு சின்னப் பள்ளமும் அதற்கு அடுத்து ஒரு சின்ன ஏற்றமும் வைப்பார்களாம், தண்ணீர் பள்ளத்தோடு வெளியே ஓடிவிடும். சொல்லிக்கொண்டே மண்வெட்டி நுனியால் ஒரு கோடு கீறினார், தேங்கி நின்ற தண்ணீர் அந்தப் பக்கமாகத் திரும்பி ஓடினது. எனக்கு உடனே உன் ஐயாதான் நினைவுக்கு வந்தார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறும்போது ஒரே வெட்டில் ஒரு வாயை அடைத்து அடுத்த வாயைத் திறந்துவிடுவாரே, அதே கை. நான் சும்மா உருண்டு வருகிறது என்று சிரித்த பாதையில் ஒரு ஆள் கோடை முழுக்கக் குனிந்து நிற்கிறார். ரிக்கற் காசைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாய் திறக்கிறதில்லை, மகனுக்கு இது தெரிய வேண்டாம்.

உயரம் குறைந்த மலைகளில் முந்தி மாதிரிப் பனி நிற்கிறதில்லை. அதனால்தான் அல்ப்ஸ் முழுக்க லிப்ற்காரர்கள் இப்படிக் கோடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு புதுப் பாதைக்கும் காட்டுக்குள் ஒரு வகிடு எடுக்க வேண்டியிருக்கிறது. லிப்ற்காரரின் சைக்கிள் பாதைகளுக்கு வெளியே, நடக்கிற சனமும் சைக்கிள்காரரும் ஒரே மலைப் பாதையில்தான் போகிறார்கள், மணி அடித்து, நின்று, வணக்கம் சொல்லிப் போனால் பிரச்சினை இல்லை. மாட்டு வேலிக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பறக்கிறவன்களைக் கண்டால்தான் எனக்கு ஊர்க்கோபம் வரும்.

இனி நீ சொல்லு. உன் ஐயாவின் றலி சைக்கிள் இன்னும் பத்திக்குள் நிற்குதோ? கம்பிப் பிறேக் என்றால் என்ன என்று மகன் கேட்கிறான், எவ்வளவு சொல்லியும் அவனுக்கு விளங்கவில்லை. பிறேக்கட்டை தெரியக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. தூசி தட்டாமல் அப்படியே எடு.

அன்புடன்,
உன் பழைய டைனமோக்காரன்