ஷிஃப்ட் பார்த்து உடற்பயிற்சி எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடற்பயிற்சி பற்றி இதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் “காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடங்கள்” என்றுதான் தொடங்குகின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு தாய்க்கு 5 மணி என்பது நல்ல தண்ணி பிடிக்கிற நேரம். 7.30-க்குள் டிபன் பாக்ஸ் எல்லாம் கட்டியாக வேண்டும், 7.45-க்குப் பள்ளி வேன், 8.30-க்குக் கம்பெனி. ஒன்றரை ஷிஃப்ட் ஓடினால் வீடு சேர இரவு 9 ஆகிவிடும். இவரிடம் ஒரு மணி நேரம் கேட்டால் கிடைக்காது. பத்துப் பத்து நிமிடமாகக் கேட்டால் கிடைக்கும்.

அதற்கு மருத்துவ ஆதாரமும் இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே 2 நாளாவது தசைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2010-ல் வந்த வழிகாட்டியில், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இன்னும் பலருக்கு இது தெரியவில்லை. மிதமா, கடுமையா என்று பார்க்கக் கருவி வேண்டாம். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அதுதான் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமை.

“நாள் முழுக்க நின்னுட்டேதானுங்க இருக்கறோம், அதுக்கு மேல என்னத்துக்குங்க எக்சர்சைஸ்?” என்று செக்கிங்கில், அதாவது தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலையில், நிற்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே இடத்தில் நிற்கும்போது இதயத் துடிப்பு ஏறுவதில்லை; ரத்தம் கெண்டைக்காலில் தேங்கி, சாயங்காலம் கால் வீங்குகிறது. பவர் டேபிளில், அதாவது மின்சாரத் தையல் இயந்திரத்தில், உட்கார்ந்திருப்பவருக்குத் தோளும் கழுத்தும் குனிந்தே இறுகிப் போகின்றன. தறி ஓட்டுபவர் தறிகளுக்கிடையே நடந்தாலும் அது மெதுநடைதான், அவருக்கும் விறுவிறுப்பான நடையும் தசைப் பயிற்சியும் வேண்டும். வேலை வேறென்றால் குறையும் வேறு.

காலைக்கு ஓர் ஈடு இட்லி வேகிற நேரம் போதும், எப்படியும் 10 நிமிடம் ஆகும். அடுப்பருகே வேண்டாம், ஈரத்தரை வழுக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் அது பின்னால் நழுவித்தான் பலர் விழுகிறார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பாதங்களைத் தோளகலம் வைத்து, முன்னால் சாய்ந்து மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். பலன் அந்த இறக்கத்தில்தான் அதிகம். பலரும் தொப்பென்று விழுந்துவிடுகிறார்கள், அதனால் பாதிப் பயிற்சி வீணாகிறது. முட்டி இரண்டும் உள்பக்கம் சாயாமல் கால் விரல்களின் திசையிலேயே போக வேண்டும். முட்டி வலித்தால் நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 10 தடவை எழுந்து உட்கார்ந்ததும், சுவரில் கை ஊன்றி 10 தண்டால். பின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 15 தடவை உயர்த்தி இறக்குவது. இடையில் அரை நிமிடம் ஓய்வு, இப்படி 3 சுற்று. சுவர் தண்டால் எளிதாகிவிட்டால் கைகளைச் சமையல் மேடைக்கு இறக்கலாம்.

பவர் டேபிள்காரர்கள் இழுக்கும் பயிற்சி ஒன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகு வளையாமல் குனிந்து, 5 லிட்டர் தண்ணீர் கேனை மறு கையால் இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். முழங்கை பின்னால் போக வேண்டும். பக்கத்துக்கு 10. இந்தத் தசைப் பயிற்சி வாரம் 2 அல்லது 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் தூக்குவது இந்தக் கணக்கில் வராது. நிறைந்த குடம் 12 முதல் 15 கிலோ இருக்கும், எப்போதும் ஒரே பக்கம் எடுத்தால் முதுகுதான் வலிக்கும். அதே தண்ணீரை இரண்டு வாளியில் இரு கையிலும் பிடித்து நடந்தால் அது நல்ல பயிற்சி.

நடைக்கு மதியம் சாப்பிட்ட பின் 10 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நடக்கும் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே போகாமல் கம்பெனி ஷெட்டுக்குள்ளேயே நடக்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கலாம். நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் விறுவிறுப்பான நடை.

வீணாகிற நேரம் என்றால் அது பிள்ளைகளின் டியூஷன், கிரிக்கெட் கோச்சிங் நேரம்தான். வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடி முக்கால் மணி நேரம் போனைப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் மைதானத்தைச் சுற்றினாலே வாரக் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கொங்கு நாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது: வள்ளி கும்மி. பொழுதோட கோயில் திடலில் நடக்கும் பயிற்சிக்குப் பிள்ளைகளோடு போனால், குதித்துச் சுற்றி ஆடும் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி கடுமையான உழைப்பு. வாரம் இரண்டு நாள் போதும். பெண்களையும் ஆட வைத்த மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்ரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது கலைக்காக. ஆரோக்கியத்துக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம். கான்கிரீட் தளத்தில் வெறுங்காலோடு ஆடினால் குதிகாலும் கணுக்காலும் வலிக்கும், மண் தரைதான் நல்லது.

குதிக்கும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிவதைப் பிள்ளை பெற்ற பெண்கள் பலர் வெளியே சொல்வதில்லை, பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். இது சரிசெய்யக்கூடியது. சிறுநீரை அடக்குவது போல இடுப்படித் தசையை இறுக்கி 5 விநாடி வைத்துத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். அதுவரை குதிப்பது வேண்டாம், நடக்கலாம்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது வாரமெல்லாம் சும்மா இருந்து ஞாயிற்றுக்கிழமை 8 கிலோமீட்டர் நடப்பதால்தான். திங்கள் காலை குதிகாலை ஊன்ற முடியாமல் போகும், தேய்ந்த ரப்பர் செருப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் உடனே நின்று மருத்துவமனைக்குப் போக வேண்டும், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது.

2022 நிலவரப்படி இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்டது. பெண்களில் அது 57 சதவீதம், ஆண்களில் 42. இந்த இடைவெளி அடுப்படியிலிருந்து வருகிறது என்பதே எங்கள் கருத்து. இட்லி வேகிற 10 நிமிடமும் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டுமென்றால், பிள்ளைக்குத் தலைவாரி வேனில் ஏற்றுவது அப்பாவின் வேலையாக வேண்டும்.

பள்ளி நிர்வாகங்கள் மாலை 6 முதல் 8 வரை மைதானத்தைப் பெற்றோருக்குத் திறந்து இரண்டு விளக்கும் போட்டுத் தரலாம். கம்பெனி முதலாளிகள் டீ நேரத்தில் 5 நிமிடம் கூட்டித் தரலாம். தங்கள் இதழ் அடுத்த முறை உடற்பயிற்சி அட்டவணை போடும்போது பகல் ஷிஃப்ட், ஒன்றரை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மூன்றாகப் பிரித்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
திருப்பூர்.