வெறும் அலமாரிகளோடு கிடைத்த விடுதலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஏன் தடுமாறின என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இனச்சண்டை, ராணுவப் புரட்சி, ஊழல், பதவி ஆசை என்று காரணங்களை அடுக்கியிருக்கிறார் கட்டுரையாளர். எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாடுகளை ஆண்ட ஐரோப்பியர்கள் மூட்டை கட்டிய கடைசி மாதங்களில் அரசுக் கோப்புகளை என்னென்ன செய்துவிட்டுப் போனார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அது மனதை உறுத்தியதால்தான் எழுதுகிறேன்.

நான் ரெக்கார்டு ரூமில் பல வருடம் வேலை பார்த்தவன். ஒரு கோப்பு தொலைந்தால் அதிலிருந்த சம்பவமே நடக்காதது போல் ஆகிவிடும். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து நின்று எவ்வளவு சொன்னாலும், "ஆதாரம் எங்கே?" என்ற ஒரு கேள்வியில் வாயடைத்துப் போவார். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1961-ல் பிரிட்டனின் காலனி நாடுகளுக்கான அமைச்சர் இயன் மெக்லியோட் ஓர் உத்தரவு போட்டார். தங்கள் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எந்தக் காகிதமும் புதிய அரசின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கென்யாவில் கோப்புகளை இரண்டாகப் பிரித்தார்கள். கொடுக்கலாம் என்பவை "லெகசி", கொடுக்கக் கூடாதவை "வாட்ச்". "வாட்ச்" கோப்பை ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் அதிகாரி மட்டும்தான் கையாளலாம். எரித்தால் சாம்பலையும் நொறுக்கிவிட வேண்டும். எரிக்க வழியில்லையா, கனமான பெட்டிக்குள் வைத்து, கரையிலிருந்து தள்ளி, நீரோட்டமில்லாத ஆழ்கடலில் போட வேண்டும். இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. அடுக்கிலிருந்து ஒரு கோப்பை உருவினால், அந்த இடம் காலியாகத் தெரியாதபடி போலிக் கோப்பு ஒன்றைச் செய்து செருகச் சொல்லியிருக்கிறார்கள். ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேடுகிறவனுக்குத் தான் எதைத் தேட வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

கென்யாவுக்கு விடுதலை கிடைத்தது 1963 டிசம்பரில். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அங்கே நடந்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்து முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 2009-ல். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான், 2011-ல், ஹான்ஸ்லோப் பார்க் என்ற பிரிட்டிஷ் அரசு வளாகத்தில் 37 முன்னாள் காலனிகளின் ஆயிரக்கணக்கான கோப்புகள் பூட்டி வைக்கப்பட்டிருந்த விஷயம் வெளியே வந்தது. அப்புறம் 2013-ல் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு இழப்பீடும் வழக்குச் செலவுமாக 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. ஹான்ஸ்லோப் பார்க்கில் இருந்தவை எரியாமல் தப்பிய காகிதங்கள். எரிந்தவற்றில் யார் யாருடைய கதை இருந்ததோ!

பிரான்ஸும் சளைத்ததல்ல. தன்னோடு ஒரு கூட்டமைப்பில் தொடர்வீர்களா என்று தன் காலனிகளிடம் அது நடத்திய 1958 செப்டம்பர் வாக்கெடுப்பில், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி "வேண்டாம்" என்று சொன்னதும், பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளையும் கருவிகளையும் அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். இன்னொரு பிரெஞ்சு காலனியான அல்ஜீரியாவின் ஆவணங்கள் கப்பலேறி பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக்குப் போயின. பெரும்பகுதி இன்னமும் அங்கேதான். அந்நாட்டின் கிழக்கு, மேற்கு எல்லைகளில் பிரெஞ்சு ராணுவம் லட்சக்கணக்கில் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தது. விடுதலை 1962-ல் வந்தது. எங்கெங்கே புதைத்தோம் என்று காட்டும் வரைபடங்களை முறைப்படி ஒப்படைத்தது 2007-ல். நாற்பத்தைந்து வருடம்! அதற்குள் ஆடு மேய்க்கப் போனவர்களும் விளையாடப் போன பிள்ளைகளும் அந்த நிலத்தில் காலையும் உயிரையும் இழந்துகொண்டே இருந்தார்கள். நான் காகிதத்தைப் பற்றித்தான் பேசுகிறேன், ஆனால் காகிதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

சரி, புதிதாக வந்தவர்கள் எல்லாம் உத்தமர்களா? இல்லை. கினியின் முதல் அதிபர் செக்கு தூரே பின்னாளில் தன் மக்களையே சிறையில் வாட்டினார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளராக இருந்த தியாலோ தெல்லி, 1977-ல் அவருடைய சிறையில்தான் இறந்தார். இந்தப் பழியைப் பிரான்ஸ் மீது போட முடியாது. ஆனாலும் நிர்வாகத் திறமை இல்லை என்று ஒரு நாட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர், முதல் நாள் அலுவலகத்தைத் திறந்தபோது அலமாரியில் என்ன இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

ஹான்ஸ்லோப் பார்க் கோப்புகள் இப்போது லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொதுப் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் மூலப் பிரதிகள் அந்தந்த நாடுகளுக்குத் திரும்ப வேண்டும். சிற்பங்களையும் கிரீடங்களையும் திருப்பித் தரும்படி கேட்கும் குரல்களுக்கு உங்கள் இதழ் பலமுறை இடம் தந்திருக்கிறது. அடுத்த முறை இந்தக் கோப்புக் கட்டுகளுக்காகவும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்
(ஓய்வுபெற்ற ரெக்கார்டு கிளார்க்)