பையன் சிக்கினான், பைக்கை வாங்கியவர் எங்கே?

தருமபுரி மாவட்டக் காவல் நிலையங்களில் குழந்தைகள் நலக் காவல் அலுவலராகப் பொறுப்பு வகிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பைக் திருட்டில் ஒரு பையன் மாட்டினால் நம் ஊரில் இரண்டு பேச்சுதான் கேட்கும். "நாலு தட்டு தட்டி உள்ளே போடுங்க." இல்லையென்றால், "சின்னப் பையன், விட்டுடுங்க." வண்டியைப் பறிகொடுத்தவர் முதல் பேச்சைப் பேசினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், தவணையே இன்னும் முடிந்திருக்காது.

இளைஞர் நீதிச் சட்டம் உங்கள் கையில் வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. அதன் 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாக (குறைந்தது 7 ஆண்டு சிறை உள்ள குற்றமாக) இல்லாமல், பெரியவர்களோடு சேர்ந்தும் செய்யாமல் இருந்தால் எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளியை ஏன் விட்டான், பெரியவர்கள் யாராவது அவனைப் பயன்படுத்தினார்களா என்றெல்லாம் அந்த அறிக்கைக்கான படிவம் கேட்கிறது.

அதை ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி நிரப்பாதீர்கள். சீருடை இல்லாமல் வீட்டுக்குப் போங்கள். பென்னாகரம் பக்கம் பல வீடுகளில் பாட்டிதான் இருப்பார். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். "பெற்றோர் கவனிப்பு இல்லை" என்ற ஒரே வரியோடு முடித்துவிடாதீர்கள். எந்த மாதம் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான், யாராவது தேடி வந்தார்களா, அப்புறம் யாரோடு சுற்றினான்? அவனைத் திரும்பப் பள்ளியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்க்க நினைக்கும் நன்னடத்தை அலுவலருக்கு இந்தப் பதில்கள்தான் வேண்டும். (முடியை வெட்டிவிட்டுப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது தடுப்பு நடவடிக்கை ஆகாது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது இதே சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம்.)

சரி, தண்டனையே வேண்டாமா? வேண்டும். சமூக சேவை, பெற்றோருக்கு அபராதம், சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை என்று குழுமத்துக்குப் பல வழி உண்டு. கொடுங்குற்றம் செய்த 16 வயது தாண்டியவரைப் பெரியவராக விசாரிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் சாவி இல்லாமல் வண்டியைக் கிளப்பத் தெரிந்த பையனுக்கு, ஆர்.சி. இல்லாத வண்டியை விற்கத் தெரியுமா? வாங்க ஒரு பெரியவர் இருக்கிறார். கஞ்சாப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புகிறவரும் பெரியவர்தான். சிறாரைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தினால் 83-வது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. கடுமையை அங்கே காட்டுங்கள்.

அடுத்த படிவத்தில், பெரியவர் பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று எழுதும் முன், பழைய வண்டி வாங்கி விற்கும் இடங்களில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பென்னாகரம் வாசி ஒருவர்