‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ – பிஎச்பியில் தளம் எழுதித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ பக்கத்திலிருந்து மெயிலில் போகும் இணைப்பு கையில் இருந்தால் பழைய கடவுச்சொல் தேவையே இல்லை. ஆகவே அந்த இணைப்பையும் கடவுச்சொல்லாகவே பாவியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்த இணைப்பில் வரும் ரகசியக் குறியான டோக்கனை எம்டி5(டைம்()) என்று, அதாவது அந்த நொடியின் நேரத்திலிருந்து, உருவாக்காதீர்கள். கோரிக்கையை அனுப்புவதே திருட வருபவர்தான். அனுப்பிய நொடி அவருக்குத் தெரியும். யூனிக்ஐடி ஃபங்ஷனும் கடிகாரத்தைப் பார்த்தே எண் கொடுக்கிறது. பிஎச்பி 7 முதல், ஊகிக்க முடியாத பைட்களைத் தரும் ரேண்டம்_பைட்ஸ் இருக்கிறது. 32 பைட் எடுத்து பின்2ஹெக்ஸில் போட்டால் 64 எழுத்து வரும். அதை மெயிலில் அனுப்பிவிட்டு, அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை (மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத சுருக்கத்தை) மட்டும் டேட்டாபேஸில் வையுங்கள். டேபிள் கசிந்தாலும் இணைப்பு கசியாது.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது, இணைப்பின் டொமைனை எச்டிடிபி_ஹோஸ்டிலிருந்து எடுக்கும் பழக்கம். அது கோரிக்கையோடு வெளியிலிருந்து வரும் தளப் பெயர், யாரும் எதையும் எழுதி அனுப்பலாம். திருட வருபவர் தன் டொமைனை அதில் வைத்து அடுத்தவர் கணக்குக்குக் கோரிக்கை போட்டால், உங்கள் சர்வரே அந்தப் போலி முகவரியோடு மெயில் அனுப்பும். பயனர் சொடுக்கியதும் டோக்கன் அங்கே போய்ச் சேரும். டொமைனை கான்ஃபிக் ஃபைலில் எழுதிவையுங்கள்.

மெயிலையும் படிவத்தில் வந்த முகவரிக்கு அனுப்பாமல், டேட்டாபேஸில் உள்ள முகவரிக்கே அனுப்புங்கள். சில யூனிகோடு எழுத்துகள் பெரிய, சிறிய எழுத்து மாற்றத்தில் ஒன்றாகிவிடுவதால், திருட வருபவரின் முகவரியும் பதிவிலுள்ள முகவரியோடு பொருந்திவிடலாம்; 2019 டிசம்பரில் பைத்தான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜேங்கோவே இந்த ஓட்டையை அடைக்க நேர்ந்தது.

அடுத்தது நேரம். பிஎச்பி யுடிசியிலும் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்), டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் இந்திய நேரத்திலும் ஓடினால், 30 நிமிடம் கொடுத்த இணைப்பு பிறக்கும்போதே காலாவதியாகி 5 மணி நேரம் ஆகியிருக்கும். ‘லிங்க் வேலை செய்யலை’ என்று புகார் வந்ததும் பலர் காலாவதிச் சோதனையையே எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எழுதும்போதும் ஒப்பிடும்போதும் மைஎஸ்கியூஎல்லின் யுடிசி_டைம்ஸ்டாம்பையே பயன்படுத்தினால் போதும்.

இணைப்பைத் திறந்த உடனே டோக்கனை அழிக்கவும் வேண்டாம். மெயில் ஸ்கேனர்கள் பயனருக்கு முன்பே அதைத் திறந்து பார்த்துவிடும். பயனர் படிவத்தை அனுப்பி, புதிய கடவுச்சொல் போஸ்ட் கோரிக்கையில் வந்த பிறகு அழியுங்கள். கூடவே அந்தக் கணக்கின் மற்ற டோக்கன்களையும் திறந்திருக்கும் செஷன்களையும் (உள்நுழைவுகளையும்) நீக்குங்கள். முன்பே உள்ளே புகுந்தவர் வெளியேற வேண்டும் அல்லவா?

முகவரி பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே பதில்தான் வர வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் தளங்களில் முதலில் எச்டிடிபி_ஹோஸ்ட் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வரி மாற்றம்தான், இன்றே முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
நிரல் மறுஆய்வு செய்யும் சிலர்