பெருக்கலை எண்ணிப் பார்த்தாயா?

அன்புள்ள அடைப்புக்குறிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. சாக்கு எதுவும் இல்லை, ஆசைதீரத் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கும் நலம். நம் நண்பன் தாடியும் வழக்கம்போல. நீ கூடவே வைத்து அனுப்பிய பவர் மேக்ரோவை (எக்ஸின் அடுக்கைக் கணக்கிடும் கோடை, அதாவது code-ஐ, கம்பைல் ஆகும்போதே எழுதித் தரும் உன் குட்டிப் புரோகிராமை) பிரித்துப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். “மரத்துக்கு எதற்குடா டைப்? மேக்ரோ துப்புகிற கோடை எப்படியும் கம்பைலர் ஒருமுறை பார்க்கத்தானே போகிறது?” என்கிறாய். (மரம் என்றால் கோடைக் கிளை கிளையாகப் பிரித்து மேக்ரோ கையாளும் வடிவம், டைப் என்றால் அது தரும் மதிப்பு எண்ணா, சரமா என்கிற வகை.) பார்க்கும். யாருடைய கோடாகப் பார்க்கும் என்பதுதான் கேள்வி. ரஸ்ட் மொழியின் புரொசீஜரல் மேக்ரோவுக்குக் கிடைப்பது வெறும் டோக்கன் வரிசை, அதாவது கோடில் வரும் சொற்களும் குறிகளும். எந்தப் பெயருக்கு என்ன டைப் என்று அதற்கே தெரியாது. அது எதையாவது தப்பாகக் கட்டிவிட்டால், பிழைச்செய்தி பெரும்பாலும் அழைத்தவனின் வரியில் போய் விழும். தான் எழுதாத கோடுக்கு அந்த அப்பாவி பதில் சொல்ல வேண்டும். ஹாஸ்கெல் மொழிக்கு டெம்ப்ளேட் ஹாஸ்கெல் என்ற மேக்ரோ வசதி 2002-இல் வந்தபோதும் நிலைமை இதுதான். எக்ஸ்ப் என்று எல்லாவற்றுக்கும் ஒரே டைப். அதற்குள் எண்ணும் இருக்கலாம், சரமும் இருக்கலாம், இரண்டையும் கூட்டி வைத்த குப்பையும் இருக்கலாம். ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஹெச்சி 7.8-இல்தான் டைப் தாங்கிய குவோட் (கோடை ஓட்டாமல் மரமாகப் பிடித்து வைக்கும் மேற்கோள்) சேர்ந்தது. நீ இப்போது உருட்டிக்கொண்டிருக்கும் ஸ்காலா 3 மொழியில் எக்ஸ்பர்[டபுள்] என்று அறிவித்தால், அந்த மரம் டபுளைத்தான் (தசம எண்ணைத்தான்) தரும் என்பது மேக்ரோவைக் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குள் ஒருவரும் அதை அழைத்திருக்கக்கூட வேண்டாம். செய்தவன் தலையிலேயே பிழை விழுகிறது, நியாயமும் அதுதான்.

சி ஷார்ப் மொழியில் 2007 முதல் இருக்கும் எக்ஸ்பிரஷன் மரம் இதற்கு நடுவில் நிற்கிறது. மரத்தின் ஒரு முடிச்சான குழந்தைக் கணுவை ‘இன்ட் (முழு எண்) தரும் எக்ஸ்பிரஷன்’ என்று கம்பைலரிடம் சொல்ல வழியில்லை. கணுவுக்குள் டைப் ஒரு மதிப்பாக மட்டும் உட்கார்ந்திருக்கிறது. இன்ட் கணுவையும் டபுள் கணுவையும் ஆட் செய்தால் மரம் கட்டுகிற அந்த வரியிலேயே எக்செப்ஷன் எகிறும். நல்ல விஷயம்தான், ஆனால் புரோகிராம் ஓடும்போது. வெறும் இன்ட்டையும் நல்லபிள் இன்ட்டையும் (மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடியது) ஈக்குவல் போட்டு அடி வாங்காதவன் அந்தப் பக்கம் எவனும் இல்லை. கன்வெர்ட் கணு ஒன்றை நடுவில் நாமே செருக வேண்டும்.

சரி, இதுவரை உனக்குப் பிடிக்காத பக்கம் நான் நின்றேன். இனி நீ சிரிக்கலாம், கொஞ்ச நேரத்துக்கு.

“ஐந்தே பெருக்கலில் எக்ஸின் 13-ஆம் அடுக்கு” என்று மார்தட்டி எழுதியிருந்தாயே, விரிந்து வந்த கோடில் பெருக்கலை எண்ணிப் பார்த்தாயா? பன்னிரண்டு இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. உன் கணக்கு சரி: 13 என்பது பைனரியில் 1101, மூன்று முறை வர்க்கம், இரண்டு முறை எக்ஸால் பெருக்கல், மொத்தம் ஐந்து. தப்பு நடந்தது வர்க்கம் செய்கிற அந்த ஒற்றை வரியில். ஒரு மரத்தை வாங்கி, குவோட்டுக்குள் அதை இருமுறை ஸ்பிளைஸ் செய்து, அதாவது ஒட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். சாதாரண ஃபங்ஷனில் அது மதிப்பு, எத்தனை முறை எழுதினாலும் ஒரு முறைதான் கணக்கிடப்படும். இங்கே அது மரம். இருமுறை ஸ்பிளைஸ் செய்தால் இரண்டு நகல். அடுத்த வர்க்கத்தில் நான்கு. கடைசியில் எக்ஸ் என்ற இலை பதின்மூன்று இடத்தில் தொங்குகிறது. பதின்மூன்று இலைக்கு நடுவே பன்னிரண்டு பெருக்கல். புத்திசாலித்தனம் எல்லாம் மேக்ரோ ஓடிய நேரத்தோடு ஆவியாகிவிட்டது.

மருந்து ஒரு வரிதான். குவோட்டுக்குள் முதலில் வால் ஒய் (val y) என்று ஒரு பெயர் கட்டு, அதில் மரத்தை ஒரே முறை ஸ்பிளைஸ் செய், பிறகு ஒய் பெருக்கல் ஒய். அவ்வளவே, ஐந்து வந்துவிடும். எல்லா இடத்திலும் இதே விதியை வைத்துக்கொள்: கைக்கு வந்த மரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒட்டப்போகிறாய் என்றால் முதலில் பெயர் கட்டு. வெளி ஃபங்ஷனின் எக்ஸுக்கு மட்டும் நீ கவலைப்பட வேண்டாம். இன்லைன் (அழைப்பவன் எழுதிய கோடையே அப்படியே உள்ளே கொண்டுவரும் குறி) என்று போடாத பாராமீட்டரை ஸ்காலாவே முன்கூட்டி ஒரு வால்-இல் கட்டிவிடும். அதற்கும் இன்லைன் போட்டிருந்தாயானால், அழைப்பவன் அந்த இடத்தில் எழுதும் ‘அடுத்த எண்ணை எடு’ என்கிற ஃபங்ஷன் பதின்மூன்று முறை ஓடியிருக்கும். அடுக்கான என்னுக்கு (n) மட்டும் இன்லைன் போடு. கம்பைல் நேரத்தில் தெரியாத எண் என்றால் அதன் வேல்யூவைக் கேட்கும்போது நன்தான் (None, ‘மதிப்பு இல்லை’) கிடைக்கும். அந்த நன்னைக் கண்டால் பேசாமல் பொது லூப்புக்குப் போகலாம், அல்லது தெளிவான செய்தியோடு கம்பைலை நிறுத்தலாம். நீ நன் வரவே வராது என்று நம்பி கெட் என்று அடித்து வைத்திருக்கிறாய், சோம்பேறி.

இது வெறும் அழகுக் கணக்கு என்று நினைக்காதே. அடுக்கு 5000 என்று வை. பெயர் கட்டினால் 16 பெருக்கல். கட்டாவிட்டால் 4999. ஒரு இலைக்கு ஒரு பைட், ஒரு பெருக்கலுக்கு ஒரு பைட் என்றாலே ஏறத்தாழ 10,000 பைட் பைட்கோடு. இந்தப் பைட்கோடை ஓட்டும் ஜாவா இயந்திரமான ஜேவிஎம் ஒரு மெத்தடுக்கு 64 கேபி வரை அனுமதிக்கும் என்பதால் கம்பைல் அமைதியாக முடியும். ஆனால் 8000 பைட்டைத் தாண்டிய மெத்தடை ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம்மின் ஜிட் (ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் பகுதி) தொடவே தொடாது, அதன் இயல்பான அமைப்பு அப்படி. ஆக, வேகத்துக்காக எழுதிய மேக்ரோவின் கோடு, கட்டளை கட்டளையாகப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டரில் தவழும். பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. டைப்? இரண்டு மரமும் எக்ஸ்பர்[டபுள்]தான். எத்தனை முறை ஓடும், எந்த வரிசையில் ஓடும் என்பதைப் பற்றி அந்த டைப் ஒரு வார்த்தை பேசாது. (ஒவ்வொன்றாகப் பெருக்கும் சாதாரண லூப்பிலிருந்து பெருக்கும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் மாறலாம். லூப்பின் விடையோடு சமமா என்று டெஸ்டில் நேரடியாக ஒப்பிடாதே.)

இனி நான் விளையாடவில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேகத்துக்காகத் துணை மரங்களை ஒரு மேப்பில் (சாவி கொடுத்து எடுக்கும் பெட்டியில்) போட்டு வைத்து மறுபடி பயன்படுத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். அதைச் செய்யாதே. பெயர் கட்டிய பிறகு அந்த மரத்துக்குள் ஒய் என்ற பெயர் இருக்கும். அந்த ஒய் உயிரோடு இருப்பது அதைக் கட்டிய குவோட்டின் பிளாக்குக்குள் மட்டும். மரத்தை மேப்பில் எறிந்துவிட்டு வேறு பிளாக்கில் எடுத்து ஒட்டினால், வீடு இடிந்த பிறகு கதவு எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுகிற கதைதான். இங்கேயும் டைப் ஒத்துப்போகும், அதனால்தான் பயம். குவோட்டுக்குள் குவோட்டாக நேராக எழுதும்வரை கம்பைலர் நிலைகளைச் சரிபார்த்துக்கொண்டே வருகிறது. மாறக்கூடிய ஒரு பெட்டியை நடுவில் வைத்ததும் அதன் கண்ணுக்கு மறைவாக மரம் வெளியே நழுவிவிடுகிறது.

சி ஷார்ப்காரர்களுக்கு இது பழகிய வலி. இரண்டு நிபந்தனை லாம்டாக்களை (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்களை) ‘அண்ட்’ போட்டுச் சேர்ப்பார்கள். இரண்டிலும் பாராமீட்டர் பெயர் எக்ஸ்தான், ஆனால் அங்கே அடையாளம் பெயரில் இல்லை, ஆப்ஜெக்ட்டில். முதல் லாம்டாவின் எக்ஸ் வேறு, இரண்டாவதன் எக்ஸ் வேறு. கம்பைல் கூப்பிட்டதும் “எக்ஸ் வரையறுக்கப்படவில்லை” என்று வரும், கண்ணெதிரே எக்ஸ் இருக்கும்! மரம் முழுக்க நடந்து கணுக்களை மாற்றும் விசிட்டர் ஒன்று எழுதி, இரண்டாவது உடம்பில் இருக்கும் எக்ஸை எல்லாம் முதல் எக்ஸாக மாற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

உனக்கு வழி இது: மேப்பில் மரத்தை வைக்காதே, அடுக்கு எண்ணை வை. எந்தெந்த அடுக்கு தேவை என்று முதலில் வெறும் எண்களால் திட்டம் போடு. பிறகு எல்லாவற்றையும் ஒரே பிளாக்கின் தலையில் வால்களாகக் கட்டி, உள்ளே போகும் வேலையை ஒரு ஃபங்ஷனாக வாங்கிக்கொண்டு அந்தப் பெயர்களை அதற்குக் கொடு. கம்பைலருக்கு எக்ஸ்செக்-மேக்ரோஸ் (-Xcheck-macros) கொடியையும் போட்டு வை. அது இருந்தால் நழுவிய மரம் ஒட்டப்படும் கணத்திலேயே பிடிபடும். இல்லையென்றால் கம்பைலின் நாலு கட்டம் தள்ளி, சம்பந்தமில்லாத இடத்தில் கம்பைலரே சரியும்.

ரிஃப்ளெக்ஷனைப் (கோடின் உள் அமைப்பையே புரோகிராம் பார்த்துக் கையாளும் வசதியை) பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே இறங்கினால் டேர்ம், சிம்பல் என்று மறுபடி டைப்பில்லாத உலகம்தான், உனக்குச் சொர்க்கம். ஒரு கிளாஸில் எத்தனை ஃபீல்டு என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் மட்டும் இறங்கு, வேலை முடிந்ததும் ஆஸ்எக்ஸ்பர்ஆஃப் (asExprOf, டைப்பைச் சோதித்து எக்ஸ்பராக மாற்றுவது) போட்டு உடனே மேலே ஏறிவிடு. அந்தச் சோதனை மேக்ரோ ஓடும்போதுதான் நடக்கும், அதனால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியாகப் போடு. முழு மரத்துக்கும் கடைசியில் ஒன்று போட்டால் எந்தக் கிளை கெட்டது என்று தெரியாது. உள்ளே டெஃப் எதையாவது புதிதாக உருவாக்கி, வெளியிலிருந்த மரத்தை அதற்குள் நகர்த்தினால் சேஞ்ச்ஓனர் (மரம் எதற்குச் சொந்தம் என்பதை மாற்றுவது) மறக்காதே. ஸ்காலா 2-இல் ஓனர் சங்கிலி அறுந்து நாம் பட்டபாடு போதும்.

சி பிளஸ் பிளஸ் 26-க்கு ரிஃப்ளெக்ஷன் வந்ததும் தாடி துள்ளுகிறான். அங்கே டைப், ஃபங்ஷன், நேம்ஸ்பேஸ் எல்லாவற்றுக்கும் மெட்டா இன்ஃபோ என்ற ஒரே டைப். ‘பார், ஒரே டைப் போதும் என்று நான் அப்போதே சொன்னேன்’ என்கிறான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, நீயும் சொல்லித் தொலைக்காதே. நாற்பது பக்கம் எழுதுவான்.

மேப்பைத் தூக்கிவிட்டு, 13, 5000 இரண்டுக்கும் விரிந்த கோடை அச்செடுத்து அனுப்பு. இந்த முறை நீயே எண்ணிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அரைப்புள்ளி