ராத்திரி நனைகிற படுக்கை: கடலூரில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ராத்திரி படுக்கை நனைகிறதே என்று உன் அம்மா, என் சித்தி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை, ராத்திரி மாத்திரையைக்கூட வெறும் வாயில் விழுங்கப் பார்க்கிறார் என்று போனில் சொன்னாய். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் பிறகு. "பேர் போடாம எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்கக்கா, எங்கள மாதிரி எத்தனை வீடு இருக்குமோ" என்று நீயே சொன்னதால் இப்படி எழுதுகிறேன்.

தண்ணீரை நிறுத்தினால் படுக்கை நனைவது நிற்காது. சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், கொஞ்சம் சேர்ந்ததுமே முட்டிக்கொண்டு வரும். தொற்றும் வரலாம். மலம் இறுகும், இறுகிய மலம் சிறுநீர்ப் பையை அழுத்தி நிலைமையை இன்னும் மோசமாக்கும். அக்னி நட்சத்திர நாளில் நம் ஊர் வெயிலுக்கு ஒரு வயதானவர் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழுவார். அளவைக் குறைக்காதே, நேரத்தை மட்டும் மாற்று. காலையிலிருந்து சாயங்காலம் அஞ்சு, ஆறு மணிவரை தாராளமாகக் குடிக்கட்டும். மோர், கஞ்சி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். அதற்கு மேல் மாத்திரைக்கு அரை டம்ளர், நாக்கு வறண்டால் ஒரு வாய். காபி, டீயை மத்தியானத்தோடு நிறுத்திவிடு. இதயத்துக்காகவோ கிட்னிக்காகவோ டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவை மீறாதே.

இதையெல்லாம் சித்திக்கு உட்கார வைத்துச் சொல். உன் தூக்கம் கெடுகிறதே என்றுதான் அவர் தொண்டையைக் காயப் போடுகிறார்.

அடுத்தது, "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சு. பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், உன் அண்ணனும் சொன்னாராம். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது. வயதானால் ராத்திரியில் ஒரு தரம் எழுந்து போவது சகஜம். படுக்கை நனைகிறதென்றால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கும். அதில் ஒன்றிரண்டாவது சரிசெய்யக் கூடியதாக இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும், மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கும் போதும். மூன்று நாள் எழுது. எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனார், எவ்வளவு போனார், எந்த நேரத்தில் படுக்கை நனைந்தது. விடிந்ததும் முதலில் போவதையும் ராத்திரிக் கணக்கிலேயே சேர்த்துக்கொள். ஒரு நாளின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போகிறதென்றால், உடம்பு ராத்திரியில் அதிகமாக நீர் பிரிக்கிறது என்று அர்த்தம். சித்திக்குக் கால் வீங்குகிறதல்லவா? பகலெல்லாம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கையில் காலில் தேங்குகிற நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து கிட்னி வழியாக வெளியே வருகிறது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்க வை. அந்த நீர் சாயங்காலத்துக்குள்ளேயே பிரிந்துவிடும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துக்கொண்டிருந்தால் ராத்திரியில் நனையாமல் என்ன செய்யும்? எதையும் நீயாக நிறுத்தாதே, எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் முன்னால் கொட்டிக் கேள். சர்க்கரை ஏறியிருந்தாலும் இப்படிப் போகும்; சில புதிய சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளித்தான் வேலை செய்கின்றன.

அளவு கொஞ்சமாகவும் அடிக்கடியும் போனால் அது வேறு கதை. தொற்றாக இருக்கலாம், அல்லது பை முழுதாகக் காலியாகாமல் நிரம்பி வழியலாம். ஒண்ணுக்குப் போனதும் எடுக்கிற ஸ்கேனில், உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

போன வாரம் சித்தி நடுராத்திரியில் எழுந்து இறந்துபோன சித்தப்பாவைத் தேடினார் என்றாயே, அதைச் சாதாரணமாக விட்டுவிடாதே. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலும் இல்லாமல் எரிச்சலும் இல்லாமல் திடீர்க் குழப்பமாக மட்டும் தெரிவதுண்டு. வேறு காரணமும் இருக்கலாம், எப்படியானாலும் காத்திருக்கக் கூடாது. நாளைக்குக் காலையிலேயே மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்ச் சிறுநீரையும் சர்க்கரையையும் பார்த்துவிடு. அங்கே பெரிய இடத்துக்குப் போகச் சொன்னால் இங்கே பாண்டிச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது, யூராலஜி பிரிவு உண்டு. நீ கூட்டி வா, என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

இனி ராத்திரி. திருப்பாப்புலியூர் வீட்டில் கக்கூஸ் கொல்லைப்பக்கம் இருக்கிறது, நடுவில் ரெண்டு படி. சித்தி கொசுவலையை விலக்கி, செருப்பைத் தேடி, படி இறங்கி, இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவை அவிழ்ப்பதற்குள் யாருக்குமே அடக்க முடியாது. ராத்திரிக்கு நாடா வேண்டாம், முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி போதும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு சேர் போடு, கால் வழுக்காத சேராகப் பார். ஒரு ஜீரோ வாட் பல்பு விடிய விடிய எரியட்டும். படுக்கப் போகுமுன் ஒருதரம் போகட்டும், அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு மறுபடி ஒருதரம் போகட்டும். எந்த மணிக்கு நனைகிறது என்று நோட்டு சொல்லும். அதற்கு அரை மணி முன்னால் ஒரே ஒருமுறை எழுப்பு. ரெண்டு மணிக்கொருதரம் அலாரம் வைத்து எழுப்பாதே, ரெண்டு பேருமே தூக்கமில்லாமல் விழுந்துவிடுவீர்கள்.

படுக்கையை ரெண்டு அடுக்காகப் போடு. மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு. அதற்கும் மேலே இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு. நனைந்தால் மேலடுக்கை மட்டும் உருவி வாளியில் போடு, கீழே உலர்ந்த படுக்கை தயாராக இருக்கும். மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மெத்தையைத் தூக்கி விரிக்கிற வேலை இருக்காது. எங்கள் அம்மாவுக்கு நான் செய்ததில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

டயப்பர் வாங்கினால் இடுப்பை இஞ்சு டேப்பில் அளந்து வாங்கு. பெரிதாக இருந்தால் தொடைப்பக்கம் ஒழுகும். நடக்கிறவருக்குப் பேன்ட் மாதிரி போடுகிற வகை, படுத்தே இருப்பவருக்குப் பக்கத்தில் ஒட்டுகிற வகை. சித்தி நடக்கிறார், அதனால் ராத்திரிக்கு மட்டும் போதும். பகலிலும் போட்டுப் பழக்கினால் அவர் போவதையே மறந்துவிடுவார். நனைந்ததை மாற்றும்போது முன்னிருந்து பின்னாகத் துடை, தேய்க்காமல் ஒற்றி எடு, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிசாகத் தடவு. பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டிகட்டியாகி உராயும். இடுப்பிலோ பின்புறத்திலோ சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லையென்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம், நர்ஸிடம் காட்டு. சிறுநீர் போக டியூப் போட்டுவிட்டால் நிம்மதி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நம் வசதிக்காகப் போடுகிற டியூப் தொற்றைத்தான் கொண்டுவரும். டாக்டர் காரணம் சொல்லிப் போடச் சொன்னால் அது வேறு.

ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், அதன் பிறகு தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததும் உனக்குத் தெரியாததா? மழைக்கு முன்னாலேயே பழைய வேட்டி, பருத்திப் புடவை எல்லாம் கிழித்து மடித்து வை, டயப்பரும் கூடுதலாக வாங்கி வை, டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டு வை. பயன்படுத்திய டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டியில் கொடு.

நீ கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டது இதுதான்: மகன் அம்மாவுக்கு இதைச் செய்யலாமா? செய்யலாம் தம்பி. கூச்சம் சித்திக்குத்தான் அதிகம், அதைக் காப்பாற்றுவது உன் கையில் இருக்கிறது. பெரிய விளக்கைப் போடாதே. இடுப்புக்குமேல் ஒரு புடவையைப் போர்த்து, அதற்கு அடியில் கையை விட்டு மாற்று. தொடுவதற்கு முன்னால் "அம்மா, துணிய மாத்துறேன்" என்று சொல். அவரால் துடைத்துக்கொள்ள முடிந்த இடத்துக்குத் துணியைக் கையில் கொடுத்துவிட்டு நீ திரும்பி நில். "மறுபடியுமா" என்ற சொல் உன் வாயிலிருந்து வரவே கூடாது. விடிந்ததும் வருகிறவர் போகிறவரிடம் அவர் காதுபட இந்தப் பேச்சை எடுக்காதே. பெண் என்பதால் உன் மனைவிதான் எல்லாம் செய்யவேண்டும் என்று யாராவது சொன்னால் நீயே பதில் சொல்லிவிடு. அவளும் பகல் முழுவதும் வேலைக்குப் போய் வருகிறாள். சித்தி பெண் கைதான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் குளிப்பாட்டவாவது ஓர் ஆயாவை ஏற்பாடு செய்யலாம், செலவை அண்ணனிடம் கேள். கேட்கத் தயங்கினால் நான் கேட்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021-இல் இருந்து நடக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவார்கள்; முடியாமல் படுத்தவர்களை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டில் வந்து பார்ப்பார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தி பெயரைப் பதிந்து வை. வேறு உதவி என்ன கிடைக்கும் என்று கேட்க 14567 முதியோர் உதவி எண் இருக்கிறது.

நீ ரெண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன், பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினாய். வருகிற சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரியும் நான் சித்தி அறையில் படுத்துக்கொள்கிறேன். நீயும் உன் மனைவியும் மாடியில் படுங்கள், போனை என்னிடம் கொடுத்துவிடு. ரப்பர் ஷீட் ரெண்டும் முத்தியால்பேட்டையிலேயே வாங்கி எடுத்து வருகிறேன், நீ வாங்காதே. கட்டில் அகலத்தை மட்டும் அளந்து நாளைக்குச் சொல்.

அன்புடன்,
அக்கா