ஆடிப்பெருக்குக்குள்ள இன்னும் 1,58,500 ரூவா வேணுமுங்க

ஊர்ப் பெரியவங்களுக்கும், திருப்பூரு கோயமுத்தூருன்னு பொழப்புக்குப் போயிருக்கற நம்ம பசங்களுக்கும் கோயில் கமிட்டியோட வணக்கமுங்க.

கொரோனாவால போன வருசமும் (2020) இந்த வருசமும் (2021) நம்ம மாரியம்மன் நோம்பி நடக்கலை. கம்பம் நடலை, பூவோடு எடுக்கலை, குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்கற தலைக்கட்டு வரியும் வசூல் பண்ணலை. அந்த வரியைத்தான் இப்போ கேக்கறோம், நோம்பிக்கு இல்லீங்க, நம்ம ஊருல ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நின்னு குழு லோன் வாங்கித் தொழில் பண்ற 27 பொம்பளைங்களுக்கு.

விசயம் இதுதானுங்க. 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டப்ப ரிசர்வ் பேங்க் மொதல்ல மூணு மாசம், அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தவணை கட்ட வேண்டாம்னு சொல்லுச்சு, நம்மாளுங்க தள்ளுபடின்னு நினைச்சுட்டாங்க, ஆனா அது தள்ளிப்போட்டதுதான், அந்த ஆறு மாசத்துக்கும் வட்டி ஓடிட்டே இருந்துச்சு. அதை அடைச்சுட்டு மூச்சு விடறதுக்குள்ள 2021 மே 10-ல மறுபடியும் ஊரடங்கு. மத்த மாவட்டத்துல எல்லாம் கடை தொறந்தப்புறமும் ஈரோடு, திருப்பூர், கோவைன்னு 11 மாவட்டத்துக்கு மட்டும் தளர்வு ஜூலை வரைக்கும் தள்ளிப் போச்சு. ரேசன் கார்டுக்கு வந்த 4,000 அரிசி பருப்புக்கே சரியாப் போச்சு.

பஸ் ஸ்டாப்புல இட்லிக்கடை போடற அக்கா வூட்டுக்கு நேர்ல போய்ப் பாத்தோம். 30,000 லோன்ல வாங்குன கிரைண்டரு, மேல பழைய துண்டு போத்தி மூலைல கிடக்குது, கல்லு காஞ்சு வெளுத்துப் போச்சு. பக்கத்துலயே லோன் அட்டை, ரெண்டு மாசத்துக் கட்டம் காலி. வசூலுக்கு வர்றவங்க திண்ணைல உக்காந்துட்டா ஒருத்தி கட்டலைன்னாலும் அந்தக் குழுவுல மத்த நாலு பேரும் எந்திரிக்க முடியாது. போன வாரம் ஒரு பொண்ணு கம்மலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போச்சு. மே மாசம் கொரோனா வந்து கதவைச் சாத்திட்டு கிடந்த வூடுகளுக்கு வாசல்ல கஞ்சி கொண்டாந்து வெச்சது இவங்கதானுங்க, மறந்துடாதீங்க.

காலிங்கராயன் 56 மைல் வாய்க்கால் வெட்டுன பூமி இது. தன் சுயநலத்துக்கு வெட்டலைன்னு காட்ட, அவரு வம்சம் அந்தத் தண்ணியைக் குடிக்கறதில்லைன்னு சத்தியம் பண்ணுனதா நம்ம அப்பச்சிக சொல்லிக் கேட்டிருக்கோம். ஊர்க் கிணறு வெட்டறப்ப வூட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வந்தாங்க, கூலின்னு யாரும் கை நீட்டலை. அந்த ரத்தந்தானே நாமளும்.

கணக்கு: தவணை பாக்கி 1,74,000. மாவு, துணி, மாட்டுத் தீவனம்னு தொழிலை மறுபடி ஆரம்பிக்க ஆளுக்கு 8,000 வீதம் 2,16,000. மொத்தம் 3,90,000. வந்தது 2,31,500. தவணை பாக்கி 1,74,000-த்தைக் கமிட்டியே நேரா லோன்ல கட்டிடும், அது பொறந்த வூட்டுச் சீரு மாதிரி. 8,000-த்தை அவங்க மாசம் 500 வீதம் வட்டியில்லாமக் கோயிலுக்குத் திருப்பிக் கட்டுவாங்க, இது அவங்களே கேட்டு வாங்குன ஏற்பாடு.

இதுவரைக்கும் 118 தலைக்கட்டு ஆளுக்கு 1,500 குடுத்திருக்காங்க. பேரு போட வேண்டாம்னு சொல்லி 25,000 குடுத்த தறிப்பட்டறைக்காரருக்கும், சிங்கப்பூருல டிரைவரா இருந்து 15,000 அனுப்புன தம்பிக்கும், ஒரு நாள் கூலியைச் சேத்துக் குடுத்த பனியன் கம்பெனிப் பசங்களுக்கும் ஆத்தா கொறையில்லாம வெக்கோணும். வரியே கிடையாதுன்னு நாங்க சொல்லியும் முந்தானை முடிச்சை அவுத்து 200 ரூவா, எல்லாம் பத்து ரூவா நோட்டு, எண்ணி வெச்சுட்டுப் போன ஆயாவை நெனச்சா இப்பவும் கண்ணு கலங்குதுங்க.

இன்னும் 94 தலைக்கட்டு பாக்கி. அதுல கார் வெச்சிருக்கறவங்களும் இருக்கீங்க. பாக்கிக்காரங்க பேரைப் போர்டுல எழுதற பழக்கம் நம்ம ஊருக்கு இல்லை, எழுத வெச்சுடாதீங்க. எல்லாரும் குடுத்தாலும் 17,500 பத்தாது, வெளியூருல இருக்கறவங்கதான் அதைப் பாத்துக்கோணும்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் தவணை. வர்ற ரெண்டு ஞாயித்துக்கிழமையும் காலைல 7 மணிக்கு கோயில் மண்டபத்துல பொருளாளர் நோட்டோட உக்காந்திருப்பாரு. மாஸ்க் போட்டுட்டு வாங்க, ரசீது கேட்டு வாங்கிக்கோங்க.